பத்து தௌ குறைந்த கவ்வி

தோட்டா உறை கிழிந்தபோது எனக்குக் கேட்டது வெடிச்சத்தம் அல்ல, ஒரு சீறல். ஆலையில் நீராவிக் குழாய் விட்டுப்போனால் வருமே, அந்தச் சீறல். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வலது கன்னத்தில் மட்டும் கரியும் பித்தளைத் துணுக்கும் ஏறியிருந்தன. போல்ட்டைப் பின்னால் இழுத்தேன். தோட்டா உறையின் அடிப்பாகம் மட்டும், அரை அங்குல உயரத்துக்கு, மோதிரம் போல அறுந்து வெளியே வந்து விழுந்தது. மிச்ச உறை துப்பாக்கிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. எல்க் மான் வேட்டை திறக்க மூன்று வாரம் இருந்தது. லார்ச் க்ரீக் மர ஆலையில் வேலை செய்கிற முக்கால்வாசிப் பேர் துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்கத் துப்பாக்கிக் கிளப்பின் சுடுகளத்துக்கு வந்திருந்தார்கள். களத்தின் பொறுப்பு ஹார்லனிடம். ஆலையில் அவன் ரம்பம் தீட்டுகிறவன். மாடியில் தனி அறை, தனி அடுப்பு, எங்களைவிட இரண்டு மடங்கு கூலி. எல்லோரும் சுடுவதை நிறுத்தச் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு என் மேசைக்கு வந்தான். அறுந்த மோதிரத்தை எடுத்துப் பார்த்தான்.

"யாரு அடைச்ச தோட்டா?"

"ஐலியோடது."

"அதான பார்த்தேன். மருந்த அள்ளிக் கொட்டியிருக்கா."

ஐலி இரண்டு மேசை தள்ளித்தான் இருந்தாள். என்னோடு பச்சைச் சங்கிலியில் நிற்பவள். அறுத்த ஈரப் பலகைகள் சங்கிலியில் ஓடிவர, ரகம் பிரித்து இழுத்து அடுக்குகிற வேலை அது. ஐம்பத்து மூன்று வயதிலும் பன்னிரண்டு அடிப் பலகையை ஒற்றைக் கையால் திருப்புவாள். சுட்டுப்போட்ட உறைகளை அச்சில் அழுத்திச் சரிசெய்து, மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துத் தருவது அவளுக்குப் பதினாறு வருடப் பழக்கம். எங்கள் ஷிப்டில் பதினோரு பேர் அவள் தோட்டாவைத்தான் சுடுகிறோம்.

"புத்தகத்துல போட்டதுக்கு ஒரு கிரெயின் எடை கம்மியாத்தான் போடுறேன் ஹார்லன்," என்றாள்.

"உறை வேற சொல்லுதே அம்மணி."

"உறை ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்ற."

திங்கட்கிழமை காலை கிளப் பலகையில் நோட்டீஸ் தொங்கியது. அளவுக்கு மீறி மருந்து அடைத்ததை ஒப்புக்கொண்டு ஐலி கையெழுத்துப் போட வேண்டும். போடும்வரை அவள் களத்தில் சுடக் கூடாது. அவள் அடைத்த தோட்டாவை யாரும் சுடக் கூடாது. ஒப்புதல் தாளை ஹார்லனே தட்டச்சு செய்து வைத்திருந்தான். கீழே பெயருக்கு ஒரு கோடு.

அன்று சாப்பாட்டுக் கொட்டகையில் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒவ்வொருவனாக வந்து, அவள் காபி பிளாஸ்க் பக்கத்தில் தோட்டாப் பெட்டியை வைத்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு பேசினான்.

"தப்பா எடுத்துக்காத ஐலி. வீட்டுல பயப்படுறாங்க."

"வீட்டுலயா, உனக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்."

"அப்பிடிச் சொல்லு. போய் சாப்பிடு."

ஒன்பது பெட்டி சேர்ந்தது. அவள் மான்கறி சாசேஜை ரொட்டிக்குள் வைத்து நிதானமாகக் கடித்தாள். நான் என் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

"ஒரு கையெழுத்துதான ஐலி," என்றேன். "போட்டுட்டா கிறிஸ்மஸுக்குள்ள எல்லாரும் மறந்துடுவாங்க."

"நான் செய்யாததுக்கா?"

"செய்யலைன்னு எப்பிடித் தெரியும்?"

கன்னம் எரிந்துகொண்டிருந்தது. அதனால் வாயில் வந்துவிட்டது. அவள் மெல்லுவதை நிறுத்தி, என் கன்னத்துக் கட்டைப் பார்த்தாள்.

"சரியான கேள்வி," என்றாள். "வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வா. மிச்சத் தோட்டாவக் கொண்டு வா. நீயே பக்கத்துல நின்னு பாரு. நான் மருந்த மீறியிருந்தா உன் பேனாவாலேயே கையெழுத்துப் போடுறேன். அதுக்கப்புறம் ஒரு தோட்டாகூட அடைக்க மாட்டேன். எனக்கும் சேர்த்துத்தான்."

மூன்றரை மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. நாலு மணிக்கு அவள் வீட்டுக் கார் கொட்டகையில் நின்றோம். கனத்த மேசை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய, உறைகளை அச்சில் அழுத்தும் கை அழுத்தி. சுவரோரம் பதினோரு காபி டப்பா. ஒவ்வொருவன் துப்பாக்கியில் சுட்ட உறையும் அவனவன் டப்பாவில். கலக்க விடமாட்டாள்.

முதலில் மருந்து. என்னிடம் மிச்சம் பதினான்கு தோட்டா. சுத்தியல் மாதிரி இருக்கும் ஒரு கருவியில் மாட்டித் தட்டித் தட்டிக் குண்டுகளை உருவினாள். பதினான்கு குவியலையும் என்னையே தராசில் போடச் சொன்னாள். முள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் சொன்ன அளவு அப்படியே.

"போதுமா?"

"உடைஞ்ச ஒண்ணுல மட்டும் கூட இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம். அடியப் பாரு."

அறுந்த மோதிரத்தின் அடியில், ஊசி குத்துகிற சின்னக் குமிழைக் காட்டினாள். மருந்து மீறியிருந்தால் அது ஆணித்தலை மாதிரி தட்டையாக நசுங்கியிருக்கும். இதன் விளிம்பு உருண்டையாக, புதிதுபோல இருந்தது.

அடுத்தது கம்பி. தாள் செருகும் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை மட்டும் மடக்கி, அரத்தில் கூராக்கினாள். என் டப்பாவிலிருந்து ஓர் உறையை எடுத்து, வாய் வழியாகக் கம்பியை விட்டு, உள்சுவரை உரசிக்கொண்டே மேலே இழுக்கச் சொன்னாள். அடியிலிருந்து கொஞ்சம் மேலே வந்ததும் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்தது. பல்லில் இருக்கும் குழியை நாக்கு கண்டுபிடிப்பது மாதிரி. இன்னொரு உறை, அதே இடத்தில் அதே பள்ளம். ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். நல்ல கனமாக வந்த சுவர், அந்த இடத்தில் மட்டும் தாள் போல மெலிந்திருந்தது.

"இது மருந்து பண்ற வேலை இல்ல," என்றாள். "இழுபட்டது. உறை மேல ஒடுங்குற இடம் இருக்கே, தோள், அத அச்சுல ரொம்பக் கீழ தள்ளிட்டா உறை குட்டையாயிடும். துப்பாக்கிக்குள்ள லொடலொடன்னு உக்காரும். சுட்டதும் முன்பக்கம் சுவத்துல ஒட்டிக்கும், அடிப்பக்கம் பின்னால ஓடும். நடுவுல நீளும். நாலு தடவ நீண்டா அஞ்சாவது தடவ அறுந்துடும்."

"அப்ப அச்சுல அழுத்தினது யாரு?"

அவள் நுண்ணளவு பார்க்கும் காலிபரை எடுத்தாள். என் துப்பாக்கியில் சுட்ட உறையின் தோள் உயரத்தை அளந்தாள். அதே உறையை அச்சில் அழுத்தி மறுபடி அளந்தாள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நாங்கள் தௌ என்போம். தோள் இரண்டு தௌ இறங்கினால் போதும். பன்னிரண்டு இறங்கியிருந்தது.

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் முகத்தில் களைப்புத் தெரிந்தது. மற்ற டப்பாக்களிலும் கம்பியை விட்டுப் பார்த்தோம். பதினொன்றில் ஒன்பதில் பள்ளம். அடுத்த அறுபடல் யார் முகத்தில் என்பதுதான் பாக்கி.

நான் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அவள் என் பையைப் பார்த்தாள்.

"அவசரப்படாத," என்றாள். "அந்தத் தாள்ல இருக்கறது மருந்து. இது வேற."

எழுந்து என் டப்பாவைத் திருப்பினாள். மூடியில் பென்சிலால் எழுதியிருந்தது: மைலோ, தொட்டு, எட்டில் ஒன்று பின்னால். உறையைப் பிடித்துக்கொள்ளும் சின்ன எஃகுக் கவ்வி அழுத்தியின் தலையில் உட்காரும். மேலிருந்து அச்சைத் திருகிக்கொண்டே வந்து, கவ்வியைத் தொட்டதும் நிறுத்தி, எட்டில் ஒரு சுற்றுப் பின்னால் விட வேண்டும். பதினாறு வருடத்துக்கு முன் என் துப்பாக்கிக்கு அளந்து அவள் கண்டுபிடித்த கணக்கு அது. அப்புறம் அளந்ததே இல்லை. தொடுவாள், திருப்புவாள், அழுத்துவாள்.

"கணக்கு மாறல. கையும் மாறல. அப்ப இரும்புலதான் ஏதோ மாறியிருக்கு."

அச்சைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. கவ்வியைக் கழற்றி விளக்கடியில் பிடித்தாள். மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. சாய்த்துப் பார்த்தால் மெல்லிய குறுக்குக் கீறல்கள். உறை உட்காரும் தளத்திலிருந்து மேல்விளிம்பு வரை அளந்தாள். நூற்றுப் பதினைந்து தௌ. கைத்துப்பாக்கிக் கவ்வியை அளந்தாள். நூற்றிருபத்தைந்து. இன்னொன்று, அதுவும் நூற்றிருபத்தைந்து. எல்லாக் கவ்விக்கும் அதுதான் உயரம்.

"யாரோ பத்து தௌ தேய்ச்சிருக்காங்க," என்றேன். "கவ்வி பத்து கம்மின்னா அச்சு பத்து கீழ வந்துதான் தொடும்."

"தோளும் பத்து கீழ போகும். ரெண்டோட பத்து." அவள் கவ்வியை உள்ளங்கையில் உருட்டினாள். "இது என்னோடது இல்ல மைலோ. போன வருஷம் ஏப்ரல்ல ஹார்லனோட அழுத்தி கைப்பிடி முறிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? ஒரு சனிக்கிழம பூரா இங்கதான் உக்காந்து அழுத்தினான். அவன் கவ்விய மாட்டிக்கிட்டான், என்னோடத மேசையில கழட்டி வச்சான்."

"போகும்போது மேசையில இருந்தத எடுத்துட்டுப் போயிட்டான்."

"அவன் துப்பாக்கியில தோட்டா உக்காருற அறை இறுக்கம். அதான் தேய்ச்சு வச்சிருக்கான், தோள் நல்லா இறங்கட்டும்னு. இப்ப என் கவ்விய வச்சு அழுத்துனா அவனுக்குத் தோள் எறங்காது. போல்ட்டு மூடாது. நீ சொல்லு, ஒன்றரை வருஷமா ஹார்லன் போல்ட்ட எப்பிடிச் சாத்துறான்?"

நான் உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் மேசையில் ஓங்கி அடித்துக் காட்டினேன். களத்தில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் அது. துப்பாக்கி கெட்டுவிட்டதென்று இரண்டு தடவை பழுதுபார்க்கக் கொடுத்தும் வாங்கிவிட்டான். ஐலி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கிளப் கூட்டம். ஏழு பேர், ஒரு காபிப் பானை. ஐலி வேலை உடுப்போடு வந்தாள். பிளந்த உறை, மடக்கிய கம்பி, கவ்வி மூன்றையும் மேசையில் வைத்து, எனக்குச் சொன்னதையே வரிசையாகச் சொன்னாள். ஹார்லன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"ஊர்ல எத்தனையோ கவ்வி இருக்கு," என்றான்.

"இருக்கு. ஆனா இதப் பாரு. நாலு பக்கமும் அளந்தேன். அரை தௌகூட வித்தியாசம் இல்ல. கல்லுல வச்சுக் கையாலேயே இவ்வளவு சமமாத் தேய்க்கறவன் இந்த ஊர்ல ஒருத்தன்தான் இருக்கான். வேற யாராவது இருந்தாச் சொல்லு, அவனுக்கு உன் வேலையக் குடுக்கச் சொல்றேன்."

காபிப் பானைப் பக்கம் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். ஹார்லன் கவ்வியை எடுத்து விளக்கில் சாய்த்தான். அவன் கட்டைவிரல் அந்தப் பரப்பைத் தானாகவே ஒரு தடவை தடவிப் பார்த்தது. பிறகு கீழே வைத்தான்.

"அளக்காம அடைச்சது நீதான?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. ஐலி தலையாட்டினாள்.

"ஆமா. அளந்திருந்தா முத நாளே தெரிஞ்சிருக்கும். இவன் கன்னம் கிழிஞ்சது அதனாலதான். அதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன்."

அவன் தட்டச்சு செய்த தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில், பலகையில் ரகம் எழுதுகிற அதே கட்டை எழுத்தில் எழுதினாள். கவ்வி மாறியிருந்தது, நான் அளந்து பார்க்கவில்லை, உறை அறுந்தது, தப்பு என்னுடையது. கீழே தன் பெயர். அதற்கும் கீழே இன்னொன்று. கவ்வியை மாற்றி எடுத்துப்போனது நான், மருந்து மீறவில்லை, நோட்டீஸ் தப்பு. அதன் அடியில் வெற்றுக் கோடு.

"இது உன்னோடது," என்று தள்ளினாள்.

ஹார்லன் தொடவில்லை. "நோட்டீஸ் அப்பிடியேதான் இருக்கும்," என்றான். மற்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். வருடத்துக்கு நூறு மணிநேரம் காசில்லாமல் களத்தைப் பார்த்துக்கொள்கிறவனை யார் எதிர்ப்பது. ஐலி தாளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கவ்வியை மேசையிலேயே விட்டுவிட்டாள். நான் கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை.

ஞாயிறன்று களத்தில் இருபத்திரண்டு பேர். மேகம் மலைமேல் இறங்கி, சீக்கிரம் சுட்டுவிட்டுப் போக வேண்டிய நாளாக இருந்தது. ஐலியின் வண்டி வந்து நின்றது.

"நீ உள்ள வரக் கூடாது," என்றான் ஹார்லன்.

"சுடக் கூடாதுன்னுதான் போட்டிருக்க. துப்பாக்கியே கொண்டு வரல. பிளாஸ்க்தான் கொண்டு வந்திருக்கேன்."

வண்டியின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்துகொண்டாள். முதல் சுற்று தொடங்கியது. ஹார்லன் தன் மேசையில் உட்கார்ந்து தோட்டாவைத் தள்ளி, போல்ட்டைச் சாத்தினான். சத்தமே இல்லை. இரண்டு விரலால் கைப்பிடியை இறக்கினான், அது இறங்கியது. எனக்குப் பக்கத்து மேசைக்காரன் காது மூடியை ஒரு பக்கம் தூக்கிவிட்டு ஹார்லனைப் பார்த்தான். இரண்டாவது தோட்டாவும் அப்படியே. ஒன்றரை வருடமாக உள்ளங்கையால் அடித்தவன் கதவுத் தாழ்ப்பாள் போடுகிறவன் மாதிரி போட்டுக்கொண்டிருந்தான். நான் திரும்பி ஐலியைப் பார்த்தேன். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சுற்று முடிந்து சிவப்புக் கொடி ஏறியது. இலக்குத் தாள் மாற்ற எல்லோரும் முன்னால் நடந்தோம். ஐலியும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தாள். தாளைக் குத்திவிட்டு எல்லோரும் திரும்பினோம். அவள் திரும்பவில்லை. நூறு கெஜத்தில், இலக்குகளின் அடியில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்து காபி ஊற்றிக்கொண்டாள்.

கொடிக்கம்பத்தில் ஹார்லனே சிவப்பு மையில் எழுதி ஆணி அடித்த விதி இருக்கிறது: முன்னால் ஒரே ஓர் ஆள் இருந்தாலும் கொடி இறங்காது, யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. அதை மீறிய இரண்டு பேரை அவன் வாழ்நாளுக்கும் வெளியே அனுப்பியிருக்கிறான்.

"ஐலி, எழுந்து வா," என்று ஒலிபெருக்கிக் குழாயில் கத்தினான்.

அவள் மடித்த தாளை எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

கால்மணி போனது. "இந்தப் பொம்பளைக்கு வேற வேலை இல்லையா," என்று ஒருவன் முனகினான். அரைமணி போனது. தூறல் விழ ஆரம்பித்தது. அவள் தொப்பியின் காது மடல்களை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"மைலோ, உன் கூட்டாளிதான. போய் இழுத்துட்டு வா," என்றான் ஒருவன்.

"டாக்டர் நடக்கக் கூடாதுன்னுட்டாரு."

"கன்னத்துல அடிபட்டதுக்கா?"

"ஆழமான காயம்."

முக்கால் மணியானதும் முனகலின் பக்கம் மாறியது. என் பக்கத்து மேசைக்காரன்தான் ஆரம்பித்தான்.

"ஹார்லன், உன் போல்ட்டு இன்னிக்கு வெண்ணெயில போற மாதிரி போகுதே. என்ன பண்ணின?"

"எண்ணெய் போட்டேன்."

"ஒன்றரை வருஷமா எண்ணெய் கிடைக்கலையாக்கும்."

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. ஹார்லனின் கழுத்துச் சிவந்தது. கொடிக்கம்பத்தையும் அதிலிருந்த தன் எழுத்தையும் பார்த்தான். கழற்றி எறியவும் முடியாது, மீறவும் முடியாது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பேனா இல்லை. என்னிடம் வந்து கையை நீட்டினான். கொடுத்தேன்.

நூறு கெஜம் நடப்பதற்கு அவ்வளவு நேரம் எடுத்தவனை நான் பார்த்ததில்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. மழை படாமல் தாளைத் தொப்பியடியில் பிடித்துக்கொண்டாள், அவன் குனிந்து அவள் முழங்காலில் வைத்துத்தான் எழுத வேண்டியிருந்தது. பிறகு அவன் பேன்ட் பையிலிருந்து சின்னதாக ஏதோ எடுத்துக் கொடுத்தான், அவளுடைய கவ்வியாகத்தான் இருக்க வேண்டும். அவள் உடனே வாங்கிப் பையில் போடவில்லை. காலிபரை வெளியே எடுத்து, அவன் மழையில் நிற்க நிற்க, அளந்து பார்த்தாள்.

அப்புறம் ஒருநாள் கேட்டேன், அங்கே என்னதான் சொன்னான் என்று. "முட்டி வலிக்குது, எழுந்திருன்னான். எனக்கும் வலிக்குது, போடுன்னேன்," என்றாள்.

திரும்பி வந்ததும் பலகையிலிருந்த நோட்டீஸைத் தானே பிய்த்தாள். அதே ஆணியில், இரண்டு கையெழுத்தும் தெரிகிற மாதிரி, ஈரத்தாளைக் குத்தினாள். ஹார்லன் கம்பத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். யாரும் கைதட்டவில்லை. ஒன்பது பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்களில் நாலு பேர் மட்டும் பலகைக்கு வந்து முழுக்கப் படித்துவிட்டுப் போனார்கள்.

அவள் என் மேசைக்கு வந்து அஞ்சு தோட்டாவை வைத்தாள்.

"புது உறை, கடையில வாங்கின புதுக் கவ்வி. ஒவ்வொண்ணையும் அளந்தாச்சு. பழச எல்லாம் நசுக்கிட்டேன். சுடுறியா? வேணாம்னா சொல்லிடு, எனக்கு வருத்தம் இல்ல."

அவளுக்கு வருத்தம் இருக்கும். இருபத்திரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். கொடி இறங்கியது. கண்ணாடியை மாட்டினேன். தோட்டாவைத் தள்ளினேன். போல்ட் கடைசியில் மெல்ல ஒரு பிடிப்புக் கொடுத்து மூடியது, ஆடவில்லை.

கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தபோது காயம் எரிந்தது. அழுத்தியே வைத்தேன்.